ஒரு கார்டில் முழுக் கணினி

ராஸ்பெரி பை என்ற சிறு கணினி 2012 பிப்ரவரி 29 அன்று பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. இயங்குதளம், கோப்புகள், அமைப்புகள் எல்லாம் ஒரே எஸ்டி கார்டில். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டே கெட்டுப்போகலாம்.

அதனால் கார்டுக்கு ஒரு நகல் தேவை. ஆனால் கோப்புகளை மட்டும் வேறு கார்டில் போட்டால் கணினி துவங்காது. துவக்கக் கோப்புகளுக்கு ஃபேட் கோப்பு முறைமையில் ஒரு சிறிய பகுதியும் லினக்ஸுக்கு ஒரு பெரிய பகுதியும் உரிய இடத்தில் இருந்தாக வேண்டும். அதனால் பலர் யூனிக்ஸ் காலத்து 'டிடி' கட்டளையை நாடினர். அது கார்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே எடுக்கும். தரவு 2 ஜிபிதான் என்றாலும் 16 ஜிபி கார்டுக்கு 16 ஜிபி கோப்பு! அதைவிடப் பெரிய தலைவலி, 16 ஜிபி என்று அச்சிட்ட இரண்டு கார்டுகள் எப்போதும் சரியாக ஒரே அளவில் இருப்பதில்லை. புதிய கார்டு சில மெகாபைட் குறைந்தாலும் நகல் அதில் அடங்காது. கட்டளையில் இலக்கின் பெயரைத் தவறாகத் தட்டினால் வேறொரு டிஸ்க் அழியும்.

2016-இல் ராஸ்பெரி பையின் இயங்குதளமான ராஸ்பியனோடு 'எஸ்டி கார்டு காப்பியர்' வந்தது. அது பகுதிகளைப் புதிதாக அமைத்துக் கோப்புகளை மட்டும் நகலெடுத்ததால், தரவு கொள்ளும் அளவுள்ள சிறிய கார்டே போதுமானதாயிற்று. இந்தக் கருவியின் அருமை டிடியோடு மல்லாடியவர்களுக்குத் தெரியும். நகல் எடுத்தவர்கள் அன்றே அந்தக் கார்டைப் போட்டு ஒருமுறை துவக்கிப் பார்த்துவிடுவது நல்லது.