மைப்படியும் மின்படியும்

குடுமியான்மலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்கு அருகே, பாறையைச் சமப்படுத்திப் பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தமைதியைக் கொண்டு 7-ஆம் நூற்றாண்டினது என்று கணிக்கப்படும் இக்கல்வெட்டில் இருப்பவை இசைச் சுரங்கள். 1904-இல் கல்வெட்டுத் துறையினர் இதைப் படியெடுத்தனர்.

படியெடுக்கும் முறை எளியதுதான். பாறையைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிகளுக்குள் இறக்குவார்கள். பிறகு மேலே மை ஒற்றினால் குழி வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் தாளில் வந்துவிடும். கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். இக்கல்வெட்டில் சில எழுத்துகளின் தலையில் சிறு புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளி உளி இட்டதா, வெயிலும் மழையும் அரித்த பள்ளமா என்று பிற்கால ஆய்வாளர் பார்க்க வேண்டுமானால், இடையில் வேறொருவருடைய கண்ணும் கையும் புகாத படி வேண்டும்.

இதே சிக்கலைக் கல்லில் அல்லாமல் மின்சுற்றுப் பலகையில் சந்தித்தவர்களின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

காசு போட்டு ஆடும் மின்திரை ஆட்டங்களில் பெரும் வெற்றி பெற்ற முதல் ஆட்டம், 1972-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்'. 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். 1980-இல் நாம்கோவின் 'பாக்-மேன்' வந்தது. ஆள் உயர மரப்பெட்டி, அதற்குள் தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பதைப் போன்ற ஒரு படக்குழாய், கீழே ஒரு மின்சுற்றுப் பலகை. பொறியின் உள்ளடக்கம் அவ்வளவே. ஆடுகிறவருடைய ஆட்டத்தைப் பதிவு செய்து வைக்க விரும்பியவர்கள் முதலில் செய்தது, திரைக்கு எதிரே காமிராவை நிறுத்தியது. பதிவைப் போட்டுப் பார்த்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை, திரை முழுவதையும் ஒரே நேரத்தில் ஒளிரச் செய்வதில்லை; வரிவரியாக உழுதுகொண்டு போகிறது. காமிரா கண்ணைத் திறந்து மூடும் வேகமும் கற்றை ஓடும் வேகமும் ஒத்துப்போகாததால், ஒளி மங்கிய பகுதி பட்டையாகத் தெரிகிறது. போதாததற்குக் கண்ணாடியின் வளைவு, அறை விளக்கின் பிரதிபலிப்பு வேறு.

அப்படியானால் திரையை விட்டுவிட்டுப் பலகையிலிருந்தே குறிப்பலையை எடுத்து வீடியோ நாடாவில் பதியலாமே? அங்கேதான் தொல்லை தொடங்கியது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்-மேன் பலகை வினாடிக்கு 61,44,000 புள்ளிகள் என்னும் வேகத்தில் படத்தை அனுப்புகிறது. ஒரு வரிக்கு 384 புள்ளி நேரம். ஒரு படத்துக்கு 264 வரிகள். (இவற்றில் 288 புள்ளிகளும் 224 வரிகளுமே கண்ணுக்குத் தெரியும், எஞ்சியது கற்றை திரும்பிவர ஆகும் நேரம்.) பெருக்கினால் 1,01,376. இதைக் கொண்டு வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 60.6 படங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையின் வேகமோ 59.94. ஆகவே அந்த முறைக்கென அமைந்த பதிவுக்கருவி மூன்று வினாடிக்கு இரண்டு படங்களைக் கைவிட வேண்டும், அல்லது தடுமாற வேண்டும். நம் நாட்டு முறையின் வேகம் 50 ஆதலால் வினாடிக்குப் பத்துப் படங்களுக்கு மேல் போய்விடும்.

இரண்டொரு படம் போனால் என்ன என்று தோன்றலாம். பல ஆட்டங்களில் நிழலைக் காட்ட ஓர் உபாயம் செய்தார்கள்: ஒரு படத்தில் நிழலை வரைவது, அடுத்ததில் விட்டுவிடுவது. நம் கண் இரண்டையும் கலந்து மெல்லிய நிழலாகக் காணும். பாதிப் படங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கருவியிலோ, நிழல் கரிய மையாக அப்பிக்கொள்ளும். இல்லையேல் அடியோடு மறைந்துவிடும். பதிவில் பார்ப்பவர் உண்மையில் இருந்திராத ஓர் ஆட்டத்தைப் பார்க்கிறார்.

நிறத்திலும் இப்படித்தான். பலகை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பிகளில் தருகிறது. அவற்றை ஒரே கம்பிக்குள் அடைத்து நாடாவில் பதித்தால் ஓரங்கள் கலங்கி, சேலைச் சாயம் போல் ஒன்றோடொன்று ஊறிவிடும். 1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையை வகுத்தது. 56 தொடுமுனைகள், எந்த முனையில் எந்த நிறம் என்பது தெரிந்ததால் பெட்டியே இல்லாமல் பலகையை மட்டும் இயக்கிப் படம் எடுக்க வழி பிறந்தது. தொலைக்காட்சிக் கருவிகள் எதிர்பார்க்கும் 0.7 வோல்ட்டைவிடப் பல பலகைகளின் அலை வலுவானது. அதைத் தடையங்களால் குறைத்தே இணைக்க வேண்டும். இன்றைய கருவிகளில் ஒரு வரிக்குச் சரியாக 384 மாதிரிகள் எடுக்கும்படி அமைத்துவிட்டால், ஒவ்வொரு புள்ளியும் கலங்காமல் கிடைக்கும். எண் பிசகினால் சில புள்ளிகள் பருத்தும் சில மெலிந்தும் போகும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பதற்கு 2018-இல் ஒரு வழக்கு எழுந்தது. 1981-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' ஆட்டத்தில் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்தவராகக் கருதப்பட்ட அமெரிக்கர் பில்லி மிட்செலின் பதிவுகளைச் சிலர் படம் படமாக நிறுத்திப் பார்த்தனர். ஒரு காட்சி முடிந்து அடுத்தது திரையில் உருவாகும் விதம், மூலப் பலகையில் நிகழ்வதுபோல் இல்லை என்றனர். சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு அவருடைய எண்ணிக்கைகளை நீக்கியது. அவர் மறுத்தார்; 2020-இல் கின்னஸ் அவற்றை மீண்டும் ஏற்றது; நீதிமன்றம் சென்ற வழக்கு 2024-இல் சமரசமாகி, பழைய பதிவேட்டில் அவை மறுபடி இடம்பெற்றன. யார் சொன்னது சரி என்பதை விடுங்கள். வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் நின்ற ஒரு படம், சாட்சியாகக் கூண்டில் ஏறியது என்பதே எனக்கு வியப்பு.

மூலப் பலகைகளோ அழிந்துகொண்டிருக்கின்றன. 1993-இல் கேப்காம் கொண்டுவந்த ஒருவகைப் பலகையில், நிரலைப் படிக்கும் திறவுகோல் ஒரு மின்கலத்தின் தயவில் நின்றது. மின்கலம் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. பின்னால் ஆர்வலர்கள் இதற்கு மாற்று கண்டார்கள் என்றாலும், எல்லாப் பலகைக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

பலகையிலிருந்து எடுத்த படிதான் முழு உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பலகை தருவது வெறும் கருப்பு வெள்ளைப் படம். ஆடியவர்கள் கண்ட பச்சையும் சிவப்பும், திரைமேல் ஒட்டிய நிறத்தாள்களின் வேலை. சில பெட்டிகளில் அந்தப் படமும் கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் அட்டையில் தீட்டிய நிலவின்மேல் மிதப்பதுபோல் தெரிந்தது. அதைப் படியெடுக்க, பெட்டிக்கு எதிரே மீண்டும் காமிராவைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.