சிறிய விளையாட்டும் பெரிய கதையும்



சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் டோபி காட் என்னும் ரயில் நிலையத்தை அறிந்திருப்பார்கள். மூன்று ரயில் பாதைகள் பூமிக்கடியில் சந்திக்கும் இடம் அது. நாள்தோறும் பெருங்கூட்டம் அங்கே இறங்குகிறது, ஏறுகிறது. கூட்டத்தில் பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். சிலர் செய்தி படிக்கிறார்கள், பலர் விளையாடுகிறார்கள். இன்று நாம் பேசவிருப்பது அந்த விளையாட்டைப் பற்றித்தான். வீடியோ விளையாட்டு என்றதுமே பெற்றோர்களுக்குக் கோபம் வருவதை நாம் அறிவோம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், அதே கருவியில் ஐந்து நிமிடத்தில், அரைமணியில், ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகிற, நல்ல சிறுகதையைப் போல மனத்தில் தங்குகிற விளையாட்டுகளும் வந்திருக்கின்றன. அவை எப்படி வந்தன, நமக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்பதை, டோபி காட்டிலேயே நின்று பார்ப்போம்.

முதலில் இந்தப் பெயரைக் கவனிப்போம். டோபி என்றால் இந்தி மொழியில் சலவைத் தொழிலாளி. காட் என்றால் படித்துறை. நம் தமிழில் வண்ணார் துறை என்று சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், வட இந்தியாவிலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்தார்கள். பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பிற்காலத்தில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆயிற்று. அருகே ஒரு சிவன் கோயிலும் இருந்தது. 1980களில் ரயில் பாதை அமைக்கும் பணிக்காக அந்தக் கோயில் இடம்பெயர்ந்தது. 1993ஆம் ஆண்டில் கேலாங் ஈஸ்டில் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. டோபி காட் ரயில் நிலையம் 1987ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. ஓடை மூடப்பட்டது, கோயில் இடம் மாறியது, துவைத்தவர்கள் மறைந்தார்கள். அவர்கள் தொழிலின் பெயர் மட்டும் நிலையத்தின் பலகையில் நிற்கிறது. அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், வீட்டில் என்ன பேசினார்கள், மழை பெய்த நாளில் என்ன செய்தார்கள் என்பதைப் பலகை சொல்வதில்லை.

இதே டோபி காட்டில் 1939ஆம் ஆண்டு அக்டோபரில் கேத்தே திரையரங்கு திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் குளிர்சாதன வசதியுடன் கட்டப்பட்ட முதல் திரையரங்கு அது. 1940களில் வானொலி ஒலிபரப்பும் அந்தக் கட்டடத்திலிருந்து நடந்தது. 1943 அக்டோபர் 21ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்ததும் அங்கேதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நேயர்களிடையே இன்றும் இருக்கக்கூடும். 2003ஆம் ஆண்டில் அந்தக் கட்டடத்தின் முகப்பு தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நகரத்தில் திரையரங்கு என்றால், தோட்டத்தில் திடல். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாய் கொண்டுபோய் உட்கார்ந்து பார்த்தோம். அன்றும் சில பெரியவர்கள், ‘படம் பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும்’ என்றார்கள். காலப்போக்கில், எல்லாப் படமும் ஒன்றல்ல என்பது நமக்கு விளங்கியது. கெட்ட படமும் உண்டு. பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது யாரும் பேசாமல் நடந்துவந்த படமும் உண்டு.

வீடியோ விளையாட்டின் வரலாறும் இப்படித்தான் நடந்தது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. திரையில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி. கோடுகள் மட்டை, புள்ளி பந்து. 1978ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தது. 1980ஆம் ஆண்டில் ‘பேக்-மேன்’ வந்தது. இவை காசு போட்டு ஆடும் இயந்திரங்கள். ஆட்டம் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும்; ஆகவே ஆட ஆடக் கடினமாகும்படி அமைத்தார்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்ற ஏக்கம் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

ஆனால், விளையாட்டு என்பது காசு பிடுங்கவும் பொழுது போக்கவும் மட்டுமே பிறந்ததா? நம் பாட்டிமார் ஆடிய பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடிய ஆட்டம் அது. ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீய குணங்கள். உச்சிக்கு அருகில் போனவனையும் ஒரு பாம்பு அடிக்கட்டத்துக்குத் தள்ளிவிடும். ‘ஆணவம் கொள்ளாதே’ என்று யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. இறங்கியவனுக்கே அது புரியும். இந்த ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பும் ஏணியும் என்ற பெயரில் உலகமெல்லாம் பரவியது. ஆட்டத்தின் விதியிலேயே ஒரு கருத்தை வைக்கலாம் என்பது நமக்குப் புதிதல்ல என்பதற்கு இது சான்று.

கணினி யுகத்தில் அந்தப் பழைய வழிக்குச் சிலர் திரும்பினார்கள். பெரிய விளையாட்டு ஒன்றைச் செய்யப் பல நூறு பேரும் பெரும் பணமும் வேண்டும். பிற்பாடு கணினியும் இணையமும் மலிவான பின், ஒருவர் அல்லது நாலைந்து பேர் சேர்ந்து, முதலாளி யாரும் இல்லாமல், தாங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லச் சிறு விளையாட்டுகளைச் செய்யத் தொடங்கினார்கள். இவற்றைத் தனிமுயற்சி விளையாட்டுகள் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2007ஆம் ஆண்டில் ஜேசன் ரோரர் என்ற அமெரிக்கர் ‘பாசேஜ்’ என்ற விளையாட்டைச் செய்தார். ஐந்தே நிமிடம். திரை, நீண்டு ஒடுங்கிய ஒரு கோடு போல இருக்கும். ஒரு சின்ன மனிதன் இடமிருந்து வலமாக நடக்கிறான். வழியில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவளோடு சேர்ந்து நடந்தால் இருவராகப் போக வேண்டும். குறுகிய சந்துகளில் நுழைய முடியாது. அங்கே இருக்கும் பொருள்கள் கிடைக்காது. தனியாகப் போனால் எங்கும் நுழையலாம், துணை இல்லை. நடக்க நடக்க முடி நரைக்கிறது, முதுகு வளைகிறது. துணைவி முதலில் இறக்கிறாள், பிறகு அவனும். அவ்வளவுதான் ஆட்டம். ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஆடி முடித்தவர் தம் வீட்டாரை ஒரு கணம் நினைக்காமல் இருக்க முடியாது. 2012ஆம் ஆண்டில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகப் பதினான்கு வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, பேக்-மேனோடு இந்த ஐந்து நிமிட ஆட்டமும் அங்கே இடம்பெற்றது.

சிங்கப்பூரும் இதில் பின்தங்கவில்லை. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சிங்கப்பூர் அரசின் ஊடக வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து ‘கேம்பிட்’ என்ற விளையாட்டு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கின. அது 2012 வரை நடந்தது. அங்கே 2010ஆம் ஆண்டில் உருவான ‘இலூட்’ என்ற விளையாட்டு மனச்சோர்வு நோயைப் பற்றியது. காட்டில் மரத்துக்கு மரம் தாவி மேலே போகிறோம். திடீரென்று நம் முயற்சி பலிக்காமல் பள்ளத்தில் அமிழ்கிறோம். எவ்வளவு பொத்தானை அழுத்தினாலும் எழ முடிவதில்லை. ‘சும்மா எழுந்திரு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று நோயாளியிடம் சொல்லும் உறவினர்களுக்கு, எழ முடியாமை எப்படி இருக்கும் என்பதைக் காட்டவே இதைச் செய்தார்கள்.

2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ‘ஃப்ளாரன்ஸ்’ வெளிவந்தது. இதைக் கைப்பேசியிலேயே ஆடலாம்; அரைமணி நேரம் ஆகும். சீன வம்சாவளிப் பெண் ஒருத்தி, இந்திய வம்சாவளி இசைக்கலைஞன் கிரிஷ் என்பவனைக் காதலிக்கிறாள். அவர்கள் பேச, நாம் துண்டுகளைப் பொருத்த வேண்டும். முதல் சந்திப்பில் துண்டுகள் பல, பேச்சுத் தடுமாறுகிறது. பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன, பேச்சு எளிதாகிறது. சண்டை வரும்போது துண்டுகள் கூர்மையாகின்றன. கதைக்குள் கதை சொல்லாமல், கைவேலையிலேயே கதையைச் சொல்கிறார்கள்.

இனி நமக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்வோம். அதன் பெயரே தமிழ்: ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில், அபி என்ற தமிழ் இளைஞரின் தலைமையில் ஒரு சிறு குழு அதைச் செய்து, 2023ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை அது. ஆட்டமெல்லாம் சமையலறையில் நடக்கிறது. வெண்பாவிடம் அவள் தாய் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போன வரிகளை நாமே யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும்? புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது? நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமலே செய்யும் காரியங்கள் அங்கே புதிராகின்றன. அடுப்படியில் வானொலி பாடுகிறது.

மகன் வளர்கிறான். பள்ளியில் மற்ற பிள்ளைகளைப் போல இருக்க விரும்புகிறான். தாயின் மொழியிலிருந்தும் தாயின் சோற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறான். பிற்பாடு ஒரு நாள் அவனே அந்தப் புத்தகத்தைத் திறந்து, தமிழ் எழுத்தில் தடுமாறுகிறான். மீதியை ஆடித்தான் அறிய வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும் இந்த விளையாட்டுக்கு 2024ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் முதற்படைப்பு விருது கிடைத்தது. தனிமுயற்சி விளையாட்டு விழாவின் தலையாய பரிசும் அதே ஆண்டில் கிடைத்தது.

பட்டணத்துக்குப் படிக்கப் போன பிள்ளை, விடுமுறைக்கு வரும்போது தமிழில் பதில் சொல்லத் தயங்குவது கனடாவில் மட்டும் நடப்பதா? அந்த வேதனையைத் தாயும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடும்போது, ‘அம்மா, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது?’ என்ற கேள்வியிலிருந்து அந்தப் பேச்சு தொடங்கலாம். இந்த விளையாட்டில் தாய்தான் ஆசிரியர், பிள்ளை மாணவன்.

எல்லா விளையாட்டும் இப்படி நல்லவை என்று நாம் சொல்ல வரவில்லை. காசு போட்ட இயந்திரத்தின் தந்திரம் இன்று கைப்பேசிக்குள் புகுந்திருக்கிறது. ஆகவே பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா? நடுவில் பணம் கேட்கிறதா? முடிந்த பிறகு நாம் பேசிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? முடிவு இல்லாததும், அடிக்கடி பணம் கேட்பதும், பேச ஒன்றும் மிச்சம் வைக்காததும் நேரத்தின் திருடன். முடிந்து, நம்மைப் பேசவைப்பது விருந்தாளி.

நிறைவாக ஒன்று. தோட்ட வாழ்க்கையை அப்படி ஒரு விளையாட்டாக யாராவது செய்தால் எப்படி இருக்கும்? விடியுமுன் பெரட்டு. இருட்டில் நிரை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலோட்டமாகப் போனால் மங்கு நிறையாது. மழை பிடித்தால் அன்று வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. வீட்டில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை. முதலில் எந்த மரத்துக்கு ஓடுவது? பாட்டியின் கைக்குத் தெரிந்த இந்த விதிகளை எந்தப் புத்தகமும் முழுதாக எழுதவில்லை. எத்தனையோ தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன; பெயர் மட்டும் சாலைப் பலகையில் நிற்கிறது. டோபி காட்டில் நடந்தது அதுதான்.

நேயர்களே, டோபி காட் நிலையத்தை ஒட்டியே இன்று சிங்கப்பூர்க் கலைப்பள்ளி நிற்கிறது. அங்கே மாணவர்கள் வரையவும் இசைக்கவும் நடிக்கவும் கற்கிறார்கள். நம் வீட்டிலும் படம் வரைகிற, கணினி கற்கிற ஒரு பிள்ளை இருக்கலாம். அடுத்த தடவை அவன் கையில் விளையாட்டைப் பார்க்கும்போது, பிடுங்குவதற்கு முன்னால் அருகில் உட்கார்ந்து, ‘இது என்ன கதை?’ என்று கேளுங்கள். அவன் சொல்லி முடித்ததும், பாட்டி மரம் வெட்டிய கதையை நீங்கள் சொல்லுங்கள். என்றாவது ஒரு நாள் அவன் அதைச் செய்யக்கூடும்.