மைசூரில் இரு மருத்துவங்கள்

மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் மருந்துப் பெட்டி இரண்டு இருக்கும். ஒன்றில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள். மற்றதில் ஊரிலிருந்து கொண்டு வந்த சுக்கு, திப்பிலி, அதிமதுரம், நிலவேம்பு. எந்த நோய்க்கு எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதில்தான் தகராறு. "இங்கிலீஷ் மருந்து சூடு, உடம்புக்கு ஆகாது" என்பார் பெரியவர். "கஷாயத்தை நம்பி உட்கார்ந்தா நோய் முத்திடும் தாத்தா" என்பான் பேரன். இந்தக் கேள்வி நம்ம வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் அரண்மனையே சந்தித்த கேள்விதான். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

அம்மை குத்திக்கொண்ட அரசி

பெரியம்மை என்றால் அக்காலத்தில் ஊரே நடுங்கும். நம் பக்கத்தில் "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை வைத்து, குளிர்ச்சியான ஆகாரம் கொடுத்து, இறங்கும்வரை காத்திருப்பார்கள். நோயாளிக்கு அது ஆறுதல். ஆனால் நோயைத் தடுக்காது. இந்தியாவின் சில பகுதிகளில் தடுப்பு முறை ஒன்றும் இருந்தது. அம்மைப் புண்ணிலிருந்து எடுத்த பொருளைத் தோலைக் கீறி வைத்து, லேசான அம்மையை வரவழைத்து, பெரிய தாக்குதலைத் தவிர்ப்பார்கள். இதில் பலனும் உண்டு, ஆபத்தும் உண்டு. சிலர் இறந்ததும் உண்டு; பிறருக்கு அம்மை பரவியதும் உண்டு.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு பாதுகாப்பான வழி ஒன்றைக் கண்டார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவில் முதன்முதலாக இந்த அம்மைப்பால் பலன் தந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்த வேண்டும். முன்பின் தெரியாதவர் உடம்பிலிருந்து வருவதை, அதுவும் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததை, யார் துணிந்து ஏற்பார்கள்?

மைசூர் அரண்மனை துணிந்தது. ஐரிஷ் ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த மூன்று பெண்களின் ஓவியம் ஒன்று உண்டு. நெடுநாள் அவர்களை நாட்டியப் பெண்கள் என்றே கருதி வந்தார்கள். வரலாற்று ஆய்வாளர் நைஜல் சான்சலரின் கருத்து வேறு. அவர்கள் மைசூர் அரச குடும்பத்தினர் என்கிறார் அவர். மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் இளைய அரசி தேவஜம்மண்ணி, சேலையை விலக்கி, அம்மை குத்திய கையைக் காட்டுகிறார். மற்றோர் அரசியின் மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் வெளுத்திருக்கிறது. அது பொருக்குப் பொடியை மூக்கில் ஏற்றும் பழைய முறையின் அடையாளமாம். இதற்குத் துணை நின்றவர் பாட்டியார் லட்சுமி அம்மண்ணி. தம் கணவரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர் என்றும் அவர் எழுதுகிறார். பழையதும் புதியதும் ஒரே ஓவியத்தில் அருகருகே நிற்பது சிந்திக்கத்தக்கது.

நம் தமிழுக்கும் இதில் பங்குண்டு. திருக்குறளில் தோய்ந்த எல்லீஸ் துரை சென்னையில் பணியாற்றியபோது, சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதை அமைத்து, அம்மை குத்துவதன் நன்மையைத் தமிழில் விளக்கினார். இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது.

நால்வடியார் காலம்

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இரு மருத்துவங்களையும் வளர்த்தார். ஆயுர்வேதக் கல்லூரி இங்கே 1908இல் தோன்றியது. 1924இல் பெங்களூரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 1930இல் மைசூருக்கு வந்தது. ஆயுர்வேத ஆஸ்பத்திரியிலிருந்து கே.ஆர். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்.

ஆனாலும் அவருடைய சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணியைக் காசநோய் கொண்டுபோயிற்று. வைத்தியருக்கும் டாக்டருக்கும் அரண்மனையில் குறைவா என்ன? அன்று எவரிடமும் மருந்து இல்லை, அவ்வளவுதான். அவர் பெயரால் எழுந்த சானடோரியத்திலும், அக்கால வழக்கப்படி, நல்ல காற்று, சத்துணவு, ஓய்வு இவைதாம் முக்கிய சிகிச்சை. ஆங்கில மருத்துவமே அன்று இயற்கை மருத்துவமாகத்தான் இருந்தது எனலாம்.

மருந்துகள் 1940களில் வரத் தொடங்கின. அப்படியானால் காற்றும் உணவும் எவ்வளவு, மருந்து எவ்வளவு? இதற்கு விடை சொன்னது நம்ம சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை நெருக்கடியான அவர்களது வீட்டிலேயும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். குணப்படுத்தியது மருந்துதான்.

அதற்காக உணவு வீண் என்று ஆகிவிடாது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வந்த நோயைத் தீர்க்க மருந்து. வராமல் காக்க உணவு.

நாட்டு மருந்தும் சோதனையில் வென்றதுண்டு. நம் வைத்தியர்கள் கையாண்ட சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949இல் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டு உலகெங்கும் மாத்திரையாயிற்று. எங்கிருந்து வந்தது என்பதல்ல, பலித்ததா என்பதே கேள்வி.

நமக்கு என்ன?

சளிக்குச் சுக்குக் கஷாயம் குடியுங்கள், யோகாசனம் செய்யுங்கள், தாராளமாக. ஆனால் "மூலிகை ஆரம்பிச்சுட்டேன், சர்க்கரை மாத்திரையை விட்டுட்டேன்" என்று நம் கூட்டங்களில் சொல்லக் கேட்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களை விசாரிக்காமல் வாங்குவதும் அப்படியே. சிறுநீரகம் பழுதான பின் எந்தப் பெட்டியைத் திறந்தும் பயனில்லை.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. அந்த நான்காமவர் நாம்தான். ஆகவே அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, இரண்டு பெட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியரிடம் போனாலும் அப்படியே. எதையும் மறைக்க வேண்டாம். அன்று அரண்மனையில் ஓர் அரசி கையைக் காட்டியே நின்றாரே!