சென்னைத் துறைமுகமும் நகரின் கரையும்

இயற்கையான குடாவோ ஆழமான ஆற்றுமுகமோ வாய்க்காத சென்னையில், 1639இல் ஆங்கிலேயர் காலூன்றியது முதல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே பொங்கும் அலைகளைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தன. இந்நிலையை மாற்ற எழுப்பப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், அதாவது அலையின் வேகத்தைத் தணித்து உட்பரப்பை அமைதியாக்கும் கற்கட்டுகள், 1881 நவம்பர் புயலில் பெரிதும் சிதைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டன. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய நுழைவாயில் அமைத்ததால் துறைமுகம் நிலைபெற்றது.

ஆனால் அச்சுவர்கள், கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும் மணலின் வழியை மறித்தன. அதனால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்று நகரின் பெரும் பொதுவெளியாக விரிய, மணல்வரத்தை இழந்த வடக்கே கடல் நிலத்தை அரித்து ராயபுரம் பகுதி மீனவர் குடியிருப்புகளை விழுங்கியது. 1983இல் கொள்கலன் முனையம் தொடங்கியபின் பெருகிய சரக்கு லாரிகளின் நெரிசலையும் வடசென்னையே சுமந்தது. துறைமுகத்தின் பயன் நகரம் முழுவதற்கும் கிடைத்தது. அதன் விலையைப் பெரிதும் கொடுத்தது வடசென்னையே என்பதை நகரத் திட்டமிடல் இனியேனும் கணக்கில் கொள்ள வேண்டும்.