ரயில் வராத ஸ்டேஷன்

ஆகாயத்தில் பறப்பது பெரிய விஷயமில்லை சார். வீட்டு வாசலிலிருந்து விமான நிலைய வாசலுக்குப் போய்ச் சேருவதுதான் பெரிய விஷயம். இந்தப் பாடத்தை ரொம்ப விலை கொடுத்துப் படித்த தேசம் ஜப்பான். ஆமாம், ரயில் என்றாலே நாம் உதாரணம் காட்டுகிற அதே ஜப்பான்!

1964-ல் டோக்கியோவுக்கு இருந்த விமான நிலையம் ஹனேடா. கடலோரம், ஊரை ஒட்டி. ஒலிம்பிக்ஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 17-ம் தேதி, அங்கே மோனோ ரயிலை ஓட விட்டார்கள். கால் மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். பிரமாதம்!

ஆனால், ஜப்பான் வளர்ந்த வேகத்துக்கு ஹனேடா போதவில்லை. 1966 ஜூலை 4. பிரதமர் எய்சாகு சாடோவின் மந்திரி சபை கூடியது. புது விமான நிலையம் நரிடா பக்கத்தில், சன்ரிஸூகாவில் என்று முடிவெடுத்தது. டோக்கியோவின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அங்கே நிலம் வைத்திருந்த விவசாயிகளிடம்? ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சும்மா இருப்பார்களா? சங்கம் சேர்ந்தார்கள். மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். 1971 செப்டம்பரில் நடந்த ஒரு மோதலில் மட்டும் மூன்று போலீஸ்காரர்கள் இறந்துபோனார்கள். அப்புறம் போராட்டக்காரர்கள் பக்கமும் உயிர் போனது. விமான நிலையம் திறக்கும் தேதி தள்ளிக்கொண்டே போனது.

இதற்கு நடுவில், 60 கிலோமீட்டரைக் கடப்பது எப்படி? அரசாங்கத்திடம் ஜோரான பதில் இருந்தது. புல்லட் ரயில்! டோக்கியோ ஸ்டேஷனில் ஏறினால் அரை மணியில் நரிடா. 1974-ல் வேலை தொடங்கியது. டெர்மினலுக்கு அடியிலேயே ஸ்டேஷனும் கட்டினார்கள்.

ஆனால், வழி நெடுக வீடு வாசல் வைத்திருந்தவர்கள் மறித்தார்கள். எங்கள் ஊரில் நிற்காமல் பறக்கப்போகிற ரயிலுக்கு நாங்கள் எதற்கு நிலம் தர வேண்டும், சத்தத்தை எதற்குத் தாங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயம்தானே? நரிடா பக்கம் கொஞ்ச தூரம் பாதை போட்டதோடு வேலை படுத்துவிட்டது.

கெய்செய் என்ற தனியார் ரயில் கம்பெனியின் கதை இன்னும் பரிதாபம். விமான நிலையம் இதோ திறந்துவிடும் என்று நம்பி, 1972-லேயே தண்டவாளம் போட்டு முடித்துவிட்டது. ரயில் ரெடி, ஸ்டேஷன் ரெடி, விமான நிலையம்தான் இல்லை! பி.காம். படித்தவனுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். வட்டி ஓடும், வண்டி ஓடாது. வேறு வழியில்லாமல் 1973 கடைசியிலிருந்து, கோயிலுக்குப் பேர்போன நரிடா ஊர் வரைக்கும் அந்த ரயிலை ஓட்டினார்கள்.

1978 மார்ச் 26. திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் பாக்கி. போராட்டக்காரர்கள் சிலர் பாதாளச் சாக்கடை வழியாக உள்ளே புகுந்தார்கள். கன்ட்ரோல் டவரில் ஏறி, கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். விழா மே 20-க்குத் தள்ளிப்போனது. அதற்கும் முன்னால், மே 5-ம் தேதி, கெய்செய் ரயில் ஒன்றுக்குத் தீ வைத்தார்கள்.

ஒருவழியாகத் திறந்தார்கள். இப்போது பயணியின் பாட்டைப் பாருங்கள். டெர்மினலுக்குக் கீழே இருக்கும் ஸ்டேஷன் புல்லட் ரயிலுக்கு ரிசர்வ்டு. எனவே கெய்செய் ஸ்டேஷன் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி. ரயிலை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கி, பஸ்ஸில் ஏற வேண்டும். இல்லையா, டோக்கியோ நகருக்குள் ஹகோசாகி பஸ் டெர்மினலிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு, லிமோசின் பஸ்ஸில் வரலாம். டிராஃபிக்கில் மாட்டாத வரைக்கும் சொகுசு. 60 கிலோமீட்டருக்கு டாக்சியா? மீட்டரைப் பார்க்காமல் இருப்பது மனசுக்கு நல்லது.

டெர்மினலுக்கு அடியிலோ, ரயிலே வராத ஸ்டேஷன் இருட்டில் கிடந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, பதிமூன்று வருஷம்! போக்குவரத்து மந்திரியாக இருந்த ஷின்டாரோ இஷிஹாரா நேரில் போய்ப் பார்த்த பிறகு, 1988-ல் அதைப் பயன்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். புல்லட் ரயில் திட்டம் அதற்கு முந்தைய வருஷமே செத்திருந்தது. 1991 மார்ச் 19 அன்று ஜே.ஆர். கம்பெனியும் கெய்செய்யும் அந்த ஸ்டேஷனை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு ரயில் விட்டன. புல்லட் ரயிலுக்கென்று ஒதுக்கிய வழியில் ஒரு பகுதியைப் பயன்படுத்தி, 160 கிலோமீட்டர் வேகத்தில் கெய்செய் ரயில் ஓடத் தொடங்கியது 2010-ல்தான். டோக்கியோவின் நிப்போரியிலிருந்து 36 நிமிஷம்.

பயம் மட்டும் போகவில்லை. ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும், வழியனுப்ப வந்தவர் உட்பட எல்லோரும் அடையாள அட்டை காட்டித்தான் உள்ளே போக முடியும். 2015 மார்ச் வரைக்கும் இதுதான் நிலைமை.

1995-ல் பிரதமர் முராயாமா விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார். 1966-ல் கேட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தை. 29 வருஷம் லேட்டாக வந்தது. ஜப்பானில் எந்த ரயிலும் அவ்வளவு லேட்டாக வந்ததில்லை!