வானொலி நாடகத்திலிருந்து பற்றுறுதி வரை

புக்கிட் பாத்தோக் குன்றின் மேல் நிற்கும் ஒலி, ஒளிபரப்புக் கோபுரத்தைச் சிங்கப்பூரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பல்லாண்டுகளாக வீடுதோறும் ஒலித்த குரல்கள் அங்கிருந்து புறப்பட்டவை. சிங்கப்பூர் ஒலிபரப்பின் வரலாற்றைப் புரட்டினால் தவறாமல் எதிர்ப்படும் தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் எஸ். ராஜரத்னம்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915ல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர் அவர். சட்டம் படிக்க லண்டன் சென்றவர், எழுத்தாளராகத் திரும்பினார். பத்திரிகைகளில் பணியாற்றிய அவர், 1954ல் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1957ல் ரேடியோ மலாயாவுக்காக ஆறு பகுதி நாடகம் ஒன்றை எழுதினார். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே நாட்டு மக்களாக முடியுமா? அதுதான் நாடகம் எழுப்பிய கேள்வி.

1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. கம்போங் கிளாம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான ராஜரத்னம், கலாசார அமைச்சரானார். நேற்றுவரை வானொலிக்கு எழுதியவரின் பொறுப்பில் இப்போது வானொலி நிலையமே வந்தது.

அந்த ஒலிவாங்கியின் வலிமை 1961ல் தெரிந்தது. மலாயாவுடன் இணைவது பற்றிப் பிரதமர் லீ குவான் இயூ வானொலியில் 12 உரைகள் நிகழ்த்தினார். 1962 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 1963 பிப்ரவரி 2ல் பாரிசான் சோசலிஸ் தலைவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். அடுத்த இரண்டு வாரங்களுக்குள், பிப்ரவரி 15ல், விக்டோரியா நினைவு மண்டபத்தில் ராஜரத்னம் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கி வைத்தார். நாட்டுக்குப் புதிய திரை கிடைத்த அந்த மாதத்தில், மாற்றுக் குரல்கள் பல சிறைக்குள் இருந்தன. அவரது சாதனையைப் பேசுவோர் இதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

1964ல் இனக் கலவரங்கள் மூண்டன. 1965ல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தது. நாடகத்தில் அவர் கேட்ட கேள்வி இப்போது தெருவிலேயே வந்து நின்றது. வெளியுறவு அமைச்சராகிவிட்ட அவர், 1966ல் தேசியப் பற்றுறுதியின் வரைவை எழுதினார். இனம், மொழி, சமயம் கடந்து ஒன்றுபட்ட மக்களாக வாழ்வதே அதன் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் பள்ளிகளில் அது ஒலிக்கத் தொடங்கியது.

பின்னர் துணைப் பிரதமராகவும் மூத்த அமைச்சராகவும் இருந்து 1988ல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். 2006 பிப்ரவரி 22ல் தமது 90வது வயதில் காலமானார்.

1957ன் நாடகத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆனால் புக்கிட் பாத்தோக் பள்ளி ஒன்றின் காலைக் கூட்டத்தில் சற்று நின்று கேளுங்கள். நெஞ்சில் கை வைத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும் வரிகள், அந்த நாடகத்தின் கேள்விக்கு அவர் எழுதிய பதில். அதை மெய்யாக்குவது ஒவ்வொரு தலைமுறையின் பொறுப்பு.