ஒரே தாளில் ஒரு சமுதாயம்

புள்ளிவிபரம் என்றதும் மாணவர் பலர் முகஞ்சுளிப்பதை நாம் அறிவோம். எண்களின் நிரைகளுக்குள்ளே மனிதரைக் காண இயலாமையே இதற்குக் காரணம். அட்டவணை துல்லியமாகப் பேசும். போக்கைப் பளிச்செனக் காட்டாது. வரைபு போக்கைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தை எழுத்தே சொல்லவேண்டும். இம்மூன்றையும் ஒரே தாளில் இணைக்கும் முயற்சியின் வரலாறு வெறும் தொழில்நுட்ப வரலாறன்று.

1821ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிளேபேர் வெளியிட்ட வரைபொன்றை எடுத்துக்கொள்வோம். 1565 முதல் இரண்டரை நூற்றாண்டுக் காலக் கோதுமை விலையைக் கம்பங்களாகவும், தொழிலாளியின் வாரக் கூலியைக் கோடாகவும், மன்னர்களின் ஆட்சிக்காலங்களை அவற்றின் மேலாகவும் அவர் ஒரே தாளில் அமைத்தார். கூலியோடு ஒப்பிடுகையில் கோதுமை முன்னெப்போதும் இத்துணை மலிவாக இருந்ததில்லை என்பது அவர் முடிவு. ஆயின், ஒரு வாரக் கூலிக்கு எவ்வளவு கோதுமை கிட்டும் என்ற விகிதத்தை அவ்வரைபு நேரே காட்டவில்லை. கண்ணிற்படுவது கம்பங்களின் ஏற்ற இறக்கமே. முடிவை எழுத்துத்தான் சொல்லிற்று. அருகருகே வைப்பது வேறு, இணைத்துச் சிந்திக்க வைப்பது வேறு என்பதற்கு இது தக்க சான்று.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் டபிள்யூ. ஈ. பி. டுபோய்சும் அத்லாந்தாப் பல்கலைக்கழக மாணவரும் கையால் வண்ணந்தீட்டிய ஏறத்தாழ 60 வரைபுகளை வைத்தனர். அடிமைத்தளை அறுந்து நாற்பது ஆண்டும் நிறையாத கறுப்பின மக்களின் கல்வியும் நிலவுடைமையும் தொழிலும் அவற்றில் எழுந்து நின்றன. எண்ணப்பட்டோரே எண்ணுவோராயினர்.

மறு ஆண்டில், மானிப்பாயிற் பூர்வீகங்கொண்ட குடும்பத்தவரான பொன்னம்பலம் அருணாசலம் இலங்கையின் குடிசன மதிப்பீட்டை நடத்தினார். 35 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை எண்ணிய அம்மதிப்பீட்டின் அறிக்கையில், அட்டவணைகளோடு நாட்டின் வரலாறு, மொழி, சமயம் பற்றிய விரிவான உரையும் இடம்பெற்றது. இனமாகவும் சாதியாகவும் மக்களை வகுத்த கண்ணாடி குடியேற்ற ஆட்சியினுடையது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எண்ணுக்கு உரை வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அன்று பலர் உழைத்துச் செய்ததை இன்று கணினி நொடியிற் செய்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இகாக்காவும் ரொபேட் ஜென்டில்மனும் 1990களில் உருவாக்கிய 'ஆர்' என்னும் கணினிமொழி எவர்க்கும் இலவசம். அதில் எண்களாலான ஒரு கட்டத்தை எழுதிக் கொடுத்தால், தாள் அவ்வாறே அறைகளாகப் பிரியும். அடுத்தடுத்த இரு கட்டங்களில் ஒரே எண் வந்தால் அவை ஒரே அறையாகும். ஓரறையில் வரைபு, ஓரறையில் அட்டவணை, ஓரறையில் விளக்கம் என அமைக்கலாம். ஆனால், அருகருகே நிற்கும் வரைபுகளின் அளவுகோல்கள் வேறுபட்டால் சிறியது பெரிதாகத் தோன்றும். அதைக் கவனிக்கும் பொறுப்பு மனிதருடையது.

நமது மண்ணுக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். இன்றைய எல்லைப்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்கள் இருந்தனர். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இடையில் முழுமையான குடிசன மதிப்பீடு இங்கு நடைபெறவில்லை. 1991க்குரியதைப் போர் தடுத்தது. 2001இல் வடக்கில் அது நிறைவுபெறவில்லை.

இரண்டு புள்ளிகளைக் கணினியிடம் கொடுத்தால், அது நேர்கோடொன்றை இழுத்துவிடும். ஆண்டுதோறும் சிலர் அமைதியாகக் குறைந்தனர் என்று அக்கோடு பொய்யுரைக்கும். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்ததும், மாண்டோரும் கடல்கடந்தோரும் அக்கோட்டில் இல்லை. ஆகவே புள்ளிகளுக்கிடையே வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடவேண்டும். அவ்விடம் ஏன் வெறுமையாயிற்று என்பதை அருகே எழுதவேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வரைபு கீறக் கற்பிக்கும் வகுப்பில் இதையும் கற்பிப்போம். அழகிய தாளொன்றை ஆக்குவதோடு நம் பணி முடிவதில்லை. எண்ணப்படாத மனிதருக்கும் அத்தாளில் இடம் வைப்பதே அறிவின் கடமையாகும்.